அடுப்புக்குப் போன மிலாறு

நாங்கள் திரும்பிப் போனபோது மலையில் ஒரு குச்சிகூட இல்லை.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டம் அது. அந்த மலையில் கவ்வாத்து முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிடுவதைத்தான் இங்கே கவ்வாத்து என்கிறார்கள். வெட்டும்போது இலையும் கொப்பும் குச்சியுமாக நிலம் தெரியாத அளவுக்கு விழும். அந்தக் குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். நான் யாழ்ப்பாணத்துக்காரி. இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டேன்.

மண்ணில் காபன் எவ்வளவு இருக்கிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது என் தொழில். அந்தக் காபனைக் கொண்ட, இலைதழை உக்கிய பொருள் கூடினால் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போட்ட பசளையைக் கழுவ விடாது, பெருமழையிலும் சரிவில் வழுக்கி ஓடாது. மலையகத்து மண் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையைச் சுமந்து களைத்துப் போயிருக்கிறது. அதற்குத் திரும்பக் கொடுக்கக்கூடிய மிக இலகுவான பொருள், அந்தச் செடியிலிருந்தே வெட்டி விழுத்திய மிலாறு. அது எவ்வளவு உதவும் என்று அளந்து பார்க்கத்தான் அந்த மலையில் பரிசோதனை தொடங்கினோம். ஒரு துண்டு நிலத்தில் விழுந்ததை அப்படியே விடுவது. பக்கத்துத் துண்டில் முழுவதையும் அகற்றிவிடுவது. இதே மாதிரி சோடிகளை மலையின் மேலும் நடுவிலும் கீழுமாக அமைத்து, மூலைக்கு மூலை நீலக் கயிறு கட்டி, ஆணியடித்து, எவ்வளவோ பாடுபட்டிருந்தோம். இப்போது எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தது. கயிறு மட்டும் அப்படியே இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை.

என்னோடு வேலை செய்த களத் தொழில்நுட்பவியலாளர் ஒரு சிங்களவர். என்னைவிட வயதில் கூடியவர் என்பதால் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். அவருடைய தமிழ் அசல் மலைநாட்டுத் தமிழ். தோட்டத்து ஆட்கள் நான் ஏதாவது சொன்னால் ஒருதரம் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் அதையே திரும்பச் சொன்னால் தலையாட்டுவார்கள். தமிழிலிருந்து தமிழுக்குப் பெயர்த்துச் சொல்ல எனக்கு ஒரு சிங்களவர் வேண்டியிருந்ததை வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

நான் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அண்ணை கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கூரைகளுக்கு மேலே எழும்பிய புகையைக் கையால் காட்டினார்.

"களவு போகல மிஸ். அடுப்புக்குப் போயிருக்கு."

இறங்கிப் போனோம். லயத்தின் பின்பக்கம் ஒவ்வொரு வீட்டுச் சுவரோரமும் மிலாறு அடுக்கியிருந்தது. மழை நனைக்காதபடி மேலே பழைய தகரம். கடைசி வீட்டின் அடுக்குத்தான் எல்லாவற்றிலும் உயரமாகவும் நேராகவும் இருந்தது. அந்த வீட்டுக்காரி கொழுந்து பறிக்கப் போய் வந்து, ஈரம் படாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்காமல் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். கணவர் ஹட்டன் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் என்றும், மகள்மார் இரண்டு பேரும் கொட்டகலையில் படிக்கிறார்கள் என்றும் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய விறகு அடுக்கு மட்டும்தான்.

"அக்கா, மேல மலையில நீலக் கயிறு கட்டியிருந்தது. அதுக்குள்ள இருந்ததையும் எடுத்துப்போட்டீங்களே," என்றேன்.

அவர் அண்ணையைப் பார்க்காமலே விளங்கிக்கொண்டார். மறைக்கவும் இல்லை.

"எடுத்தோம் மிஸ். நா மட்டுமில்ல, லயத்துல எல்லாருந்தான் எடுத்தோம். கயித்த தாண்டித்தான் எடுத்தோம், அத்து வுடல."

"அதை அங்கேயே விடச் சொல்லி பெரட்டில சொன்னவையெல்லோ?"

"சொன்னாங்க. எதுக்குன்னு சொல்லல."

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அதை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறார். அவருக்கும் யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் காரணம் என்னிடம்தான் இருந்தது. அதை நான் தோட்ட முகாமையாளரான பெரிய துரையின் கந்தோரில், திரையில் படங்களோடு, அரை மணித்தியாலம் விளக்கியிருந்தேன்.

சரி, இப்போது சொல்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லத் தொடங்கினேன். மிலாறு கிடந்து உக்கும், புழு வரும், மண் கறுக்கும், வேர் நன்றாக ஓடும் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உக்கிப் போறதுக்கா விடச் சொல்றீங்க?"

"ஓம்."

"வருசம் பூரா எரிக்கிற வெறகு மிஸ் அது," என்றார். கோபமில்லாமல், ஒரு தகவலைத் தெரிவிப்பது போலச் சொன்னார்.

பிறகு உள்ளே வந்து சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுப்படி இருட்டாக, சூடாக இருந்தது. மலைக்கு வந்த நாளிலிருந்து என் விரல்கள் முழுதாகச் சூடானது அன்றைக்குத்தான். மூலையில் ஒரு காஸ் சிலிண்டர் நின்றது. அதன் மேல் பூப்போட்ட துணி விரித்து, பிள்ளைகளின் புத்தகப் பைகளை வைத்திருந்தார்கள். முடிந்து நாளாகிவிட்டதாம். நிரப்பினாலும் மெயின் ரோட்டிலிருந்து படியேறித் தூக்கி வர வேண்டும் என்றார். அடுப்பில் மிலாறு நிதானமாக, புகை அதிகமில்லாமல் எரிந்தது. நல்ல விறகுதான். என் பரிசோதனையின் ஒரு பகுதியில் கொதித்த தேநீரை நான் அடிவரை குடித்து முடித்தேன்.

பெரிய துரைக்குச் செய்தி போனதும் உடனே கூப்பிட்டார். அடுத்த மலை விரைவில் கவ்வாத்துக்கு வருகிறது, அங்கே பரிசோதனையைப் புதிதாகத் தொடங்கலாம், இந்த முறை காவலுக்கு வாச்சர் போடுகிறேன், கை வைக்கிறவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர், எங்களுக்கு உதவத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

கொட்டகலையில் நான் வாடகைக்கு இருந்த அறை கடைத்தெருவுக்குப் பின்னால், ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்தது. அன்று பின்னேரம் ரைஸ் குக்கரில் சோறு வைத்துவிட்டு, அது தானாக வேகுவதைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். வாச்சர் போட்டால் பரிசோதனை ஒழுங்காக நடக்கும். நல்ல எண்கள் வரும். மிலாறு முழுவதையும் மலையில் விடுங்கள் என்று அறிக்கை எழுதுவேன். அதை வாசிக்கிற தோட்டங்களும் வாச்சர் போடும். அந்த அடுப்படி எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு லயத்திலும் அப்படி ஒரு அடுப்படி இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. சீக்கிரம் உக்கி மண்ணுக்குச் சேருவது இலையும் மெல்லிய நுனிக் குச்சியும்தான். அடுப்புக்கு வேண்டியது தடித்த குச்சி. லயத்துச் சுவரோரம் அடுக்கியிருந்ததில் இலை ஒன்றுகூட இல்லையே. அதை எல்லோரும் மலையிலேயே உதறிவிட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் உதறிய இலை மலையடிவாரத்தில், கட்டுக் கட்டுகிற இடத்தில் குவிந்து, மழைக்கு வடிகால் கானோடு அள்ளுண்டு போகிறது. அதைச் செடிக்கு அடியிலேயே உதறினால் என்ன? தடித்தது வீட்டுக்கு, மெல்லியது மண்ணுக்கு என்று மூன்றாவது வகைத் துண்டு ஒன்றை ஏன் சேர்க்கக் கூடாது?

கொழும்பிலிருந்த என் மேலதிகாரியிடம் தொலைபேசியில் சொன்னேன். ஒப்புக்கொண்ட பரிசோதனை முறையை இடையில் மாற்றக் கூடாது என்றார். இடையில் இல்லை, எப்படியும் முதலிலிருந்துதான் தொடங்கப் போகிறோம் என்றேன். அரைகுறையாக அகற்றுவதை எப்படி அளவிடுவாய் என்று கேட்டார். ஒருவரும் செய்யப்போகாத ஒன்றைத் துல்லியமாக அளந்து என்ன செய்வது என்று கேட்டேன். அப்படிப் பேசுகிற ஆள் இல்லை நான். பிறகு, எந்தத் தடிப்புக்கு மேல் எடுக்கலாம் என்பதை மட்டும் ஒழுங்காக வரையறுத்துக்கொள் என்றார்.

அந்த வரையறைதான் பெரிய வேலையாகப் போனது.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மத்தியான நிறுவை முடிந்ததும் பெண்களைச் சந்திக்கத் துரை அனுமதி தந்தார். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசி வீட்டு அக்கா முன்வரிசையில் இருந்தார். இந்த முறை நான் காரணத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பையில் லயத்துக்குப் பக்கத்து மரக்கறித் தோட்டத்து மண்ணும் இன்னொரு பையில் பழைய தேயிலை மலை மண்ணும் கொண்டு போயிருந்தேன். கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தேயிலை மண் கட்டியாக, வெளிறிக் கிடந்தது. மற்றதில் மாட்டுச் சாணமும் குப்பையும் சேர்ந்து பொலபொலவென்றிருந்தது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தில் கொஞ்சத்தைத் தேயிலையின் சொந்த இலையைக் கொண்டே கடக்கலாம் என்றேன். அண்ணை அதை அவருடைய தமிழில் இன்னொருமுறை சொன்னார்.

பிறகு பேரம் தொடங்கியது. பெருவிரல் தடிப்புக்கு மேல் உள்ளதை எடுங்கள் என்றேன். கொட்டகை முழுதும் சிரித்தது. அப்படிப் பார்த்தால் அடியில் நாலு கட்டைதான் தேறும் என்றார்கள். ஒருத்தி சுண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். நான் மறுத்தேன். யாருடைய பெருவிரல் என்று ஒருவர் கேட்டார். கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளின் பெருவிரலா, எங்கள் பெருவிரலா? அண்ணை தன்னுடையதைக் காட்டினார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

கடைசி வீட்டு அக்கா எழும்பி வந்து தன் சுட்டுவிரலை என் முன்னால் நீட்டினார். கொழுந்துச் சாறு பிடித்து ஓரங்கள் கறுத்த விரல்.

"இதுக்கு மேல எங்களுக்கு, இதுக்குக் கீழ மண்ணுக்கு. சரின்னா சொல்லுங்க, நாங்களே பாத்துக்கிறோம். வாச்சர் வேணாம்."

"உதறுறது செடிக்கு அடியில," என்றேன்.

"செடிக்கு அடியிலதான்."

முழுவதும் விடுகிற துண்டுகளைத் தொடுவதில்லை என்றும், முழுவதும் அகற்றுகிற துண்டுகளிலிருந்து வருவதை எல்லா வீட்டுக்கும் பிரித்துக்கொள்வது என்றும் அதோடு சேர்த்து முடிவாயிற்று. நான் பையிலிருந்து வேணியர் இடுக்கியை எடுத்து அந்த விரலின் தடிப்பை நடு மூட்டுக்குக் கீழே அளந்தேன். எதற்கு என்று கேட்டார். அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன்.

"எம் பேரப் போடுவீங்களா?"

"பெயர் போட ஏலாது. விரலைப் போடுவன்."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கவ்வாத்து நடந்தது. இந்த முறை நாங்கள் முதல் நாளிலிருந்தே மலையில் நின்றோம். பெண்கள் வேலை முடிந்து வந்து குச்சி பொறுக்கினார்கள். சந்தேகம் வந்தால் குச்சிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். விரல் மெல்லியவர்களுக்கு அதில் கொஞ்சம் இலாபம் இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு கணக்குப் பண்ணிப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை.

மழைக்காலம் வந்தது. எங்கள் வேலை பெரும்பாலும் குனிந்தபடி செய்கிற வேலை. இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, சிதறாமல் கிளப்பி, பையில் போட்டு, எந்தத் துண்டு எந்த ஆழம் என்று எழுதிக் கட்டவேண்டும். அட்டை ஏறாமலிருக்க காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வோம். ஆய்வுகூடத்தில் அந்த மண்ணைக் காயவைத்து, சல்லடையில் அரித்து, வேர்த் துண்டுகளைச் சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். என் கூட்டாளிகள் பலருக்கு அந்த வேலை சலிப்பு. எனக்கு அது பிடிக்கும். வெளியே மூடுபனி, உள்ளே வானொலியில் அண்ணை கேட்கிற கிரிக்கெட், கையில் மண். அதைவிட நல்ல பகல் பொழுதை நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு நாள் மலையில் நிற்கும்போதே பெருமழை பிடித்தது. ஒதுங்க இடமில்லாமல், பெண்களோடு சேர்ந்து ஒரு சபுக்கு மரத்தடியில் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கிருந்து பார்த்தபோது, மிலாறு முழுதும் அகற்றிய துண்டிலிருந்து தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. மற்ற இரண்டு துண்டுகளிலிருந்தும் குறைவாக, தெளிவாக வந்தது. பெண்களே அதைக் கண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கிழமையே தோட்டத்தின் இன்னொரு பிரிவிலிருந்து வந்த யாரோ முழுதும் விட்ட துண்டிலிருந்து ஒரு கட்டு தூக்கிப் போயிருக்கிறார்கள். கடைசி வீட்டு அக்கா அவர்கள் லயத்துக்கே போய் அதை மீட்டுக்கொண்டு வந்து, நீலக் கயிற்றுக்குள் திரும்பப் பரப்பிவிட்டாராம். அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவிடம் கேட்டபோது, "நம்ம மலையில அவங்களுக்கு என்ன வேல?" என்றதோடு விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் என் பேச்சும் மாறிப்போயிருந்தது. தொலைபேசியில் அம்மாவிடம் "சாப்பிட்டாச்சுங்களா" என்று கேட்டிருக்கிறேன். யாரோடு பேசுகிறாய் என்று அம்மா கேட்டார். லயத்தில் மகள்மார் இரண்டு பேரும் என்னுடைய "ஓமோம்" என்ற சொல்லைப் பழகி வைத்துக்கொண்டு, நான் போகும்போதெல்லாம் ஒரே குரலில் சொல்லிக் காட்டுவார்கள். பெரியவள் விஞ்ஞானப் பாடத்தில் காபன் வட்டம் படித்த கிழமை, படம் கீறித் தரச் சொல்லிக் கேட்டாள். காற்று, செடி, மண் என்று கீறி அம்புக்குறி போட்டேன். அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பு எங்கே என்று கேட்டார். அடுப்பையும் கீறி, அதிலிருந்து காற்றுக்கு ஓர் அம்பு போட்டேன். புள்ளி குறைந்துவிடுமோ என்று பெரியவள் பயந்தாள். ஆசிரியை சரி என்று போட்டிருந்தாராம்.

இரண்டு வருடத்தில் மண் பெரிதாக மாறிவிடாது. யாராவது மாறும் என்று சொன்னால் நம்பக் கூடாது. மேலே உள்ள மெல்லிய படையில் மட்டும்தான் ஏதாவது தெரியும். அதற்கும் நான் தயாராக இருந்தேன், ஒன்றும் தெரியாமற் போவதற்கும் தயாராக இருந்தேன். ஆய்வுகூடத்தில் மண்ணை நிறுத்து, உலையில் எரித்து, திரும்ப நிறுப்போம். எரிந்து போனது எவ்வளவோ அவ்வளவு உயிர்ப்பொருள் இருந்தது என்று கணக்கு. இரண்டாம் வருட முடிவில், கடைசித் தொகுதியும் உலையிலிருந்து வந்த மத்தியானம் அண்ணை எண்களை வாசிக்க, நான் கணினியில் போட்டேன். எதிர்பார்த்தபடி முழுதும் அகற்றிய துண்டுகள் அடியில் இருந்தன. முழுதும் விட்டவை மேலே. விரலால் அளந்து எடுத்த துண்டுகள், நான் நடுவில் எங்கோ இருக்கும் என்று நினைத்திருந்தவை, மேலே உள்ளவற்றை ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றன.

பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். அண்ணை வாசித்தார். அதே எண்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அவருடைய சந்தோசம் அப்படித்தான் வெளிப்படும். நான் மேலதிகாரிக்குச் சொல்வதற்கு முன்னால் வேறொருவருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஏற்கெனவே வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது கடைசி வீட்டு அக்கா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கோதுமை மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எண்கள் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் விறகு எடுத்த துண்டும், ஒன்றும் எடுக்காத துண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது என்றேன். அவர் துருவுவதை நிறுத்தினார்.

"அப்ப நாங்க எடுத்ததுனால மண்ணுக்கு ஒண்ணும் கொறையல?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பெரிசா இல்ல. இன்னும் சில வருசம் பார்க்கணும்."

"பாருங்க, பாருங்க," என்றார். பிறகு உள்ளே திரும்பி, மூத்தவளிடம் இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்து மாவைப் பிசையச் சொன்னார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் விவரிக்கப் போனால் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ரொட்டி வந்தது, கட்டசம்பல் வந்தது. ஹட்டனிலிருந்து கணவரும் வந்து சேர்ந்து, நடந்ததை முழுதும் மனைவி வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு, எங்கள் முன்னாலும் இன்னொருமுறை சொல்ல வைத்தார்.

அறிக்கையில் அந்த விரலின் தடிப்பை மில்லிமீற்றரில் எழுதினேன். வாக்களித்தபடி, "கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சுட்டுவிரல் அளவு" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன். மேலதிகாரி அதை வெட்டவில்லை. பெரிய துரை இரண்டு மலைகளில் மட்டும் இந்த முறையைச் செய்து பார்க்கச் சம்மதித்தார். பக்கத்துத் தோட்டம் ஒன்று மறுத்துவிட்டது. அங்கே வாச்சர்தான். அடுத்த மாதம் மீண்டும் போய்ப் பேச இருக்கிறேன்.

வடக்குக்கு மாற்றம் வேண்டுமா என்று எங்கள் கந்தோரில் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டிப்பொலப் பக்கம் உருளைக்கிழங்கு நிலங்களில் புதிய வேலை தொடங்குகிறது. அங்கே மண் கறுப்பு, குளிர் இன்னும் கூட. அண்ணை புதிய ஆணிகளும் ஒரு சிவப்புக் கயிற்றுப் பந்தும் வாங்கி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை ரயிலில் போகிறோம், மத்தியானச் சாப்பாட்டை அவர் வீட்டில் கட்டித் தருவார்களாம்.